சட்டமே அழிக்கிற பதிவை நாம ஏன் அழிக்க மாட்டேங்கிறோம்?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. படிக்கிற சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை, முழுசா படிச்சிட்டுக் கோபப்படுங்க.

போன வாரம் நம்ம தொண்டூழியர் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு படம் வந்துச்சு. பழைய கோர்ட்டுச் செய்தி ஒன்னோட ஸ்கிரீன்ஷாட். கீழே ஒரு வரி: "இவர் இப்போ நம்ம கோயில்ல சேவை செய்றார். எல்லாரும் உஷாரா இருங்க." அனுப்பினவர் யாருன்னு சொல்லப் போறதில்லை. அரை மணி நேரத்துல அது இன்னும் நாலு குரூப்புக்குப் போயிடுச்சு.

அந்தத் தம்பியை உங்கள்ல பல பேருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி அன்னதானம் முடிஞ்சு நாமெல்லாம் செருப்பைத் தேடிக்கிட்டுக் கிளம்பும்போது, பின்னால குழாயடியில உட்கார்ந்து சாம்பார் அண்டா தேய்ச்சுக்கிட்டு இருப்பான். மூணு வருஷமா அந்த வேலையை அவன்தான் செய்றான். யாரும் சொல்லிச் செய்யலை. வேற யாரும் செய்ய வரலைங்கிறதும் உண்மை. அவன் செஞ்ச தப்பு என்ன? கெட்ட சகவாசத்துல ஒரு திருட்டு விஷயத்துல மாட்டினான். ஆறு வாரம் உள்ளே இருந்தான். வெளியே வந்த மாசமே கோயிலுக்கு வந்தான்.

அவனுக்கு ஒரு நிரந்தர வேலை கிடைக்கிற மாதிரி இருந்துச்சு. நம்ம கோயிலுக்கு வர்ற ஒரு அன்பர், கடை வச்சிருக்கிறவர், ஸ்டோர் வேலைக்கு எடுத்துக்கிறேன்னு சொல்லியிருந்தார். தம்பி முதல் நாளே அவர்கிட்ட தன் கேஸைப் பத்திச் சொல்லிட்டான். அவரும், "சரிப்பா, உண்மையைச் சொன்னே, அது போதும்"னு சொல்லியிருக்கார். திங்கட்கிழமை வேலையில சேரணும். ஞாயித்துக்கிழமை ராத்திரி அந்தப் படம் சுத்துச்சு. திங்கட்கிழமை காலையில, "தம்பி, இப்போதைக்கு ஆள் வேண்டாம்"னு மெசேஜ்.

நான் அவரை நேர்ல பார்த்துக் கேட்டேன். மறைக்காம சொன்னார். "அண்ணே, எனக்கு அவன் மேல சந்தேகம் இல்லை. ஆனா இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. நாளைக்குக் கடையில ஒரு பெட்டி காணாம போனா, தெரிஞ்சுதானே எடுத்தேன்னு எல்லாரும் என்னைக் கேப்பாங்க. கோயிலுக்கு வரட்டும், சேவை செய்யட்டும். கடைக்கு மட்டும் வேண்டாம்."

கோயிலுக்கு வரட்டும், கடைக்கு வேண்டாம். இந்த ஒரு பேச்சைப் பத்தித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அந்த அன்பரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. அவர் பயந்தது தம்பியைப் பார்த்து இல்லை, நம்மளைப் பார்த்து.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். ஏன்னா நம்மள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது. சிங்கப்பூர்ல குற்றவாளிகள் பதிவுச் சட்டம்னு ஒன்னு இருக்கு. 2005-ல அதுல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. சின்னக் குற்றம் செஞ்சவர் தண்டனையை முடிச்சிட்டு, 5 வருஷம் எந்தத் தப்பும் செய்யாம இருந்தா அவரோட பதிவு தானாகவே செல்லாததாகிடும். 'ஸ்பென்ட்'னு சொல்வாங்க. தீர்ந்து போச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம், "உனக்குக் குற்றப் பதிவு இருக்கா?"ன்னு வேலைப் படிவத்துல கேட்டா, "இல்லை"ன்னு எழுதலாம். அது பொய் ஆகாது. சட்டமே கொடுத்த உரிமை.

ஆனா அதுக்குக் கணக்கு இருக்கு. சிறைத் தண்டனை 3 மாசத்துக்கு மேல போயிருக்கக் கூடாது. அபராதம்னா 2,000 வெள்ளிக்கு மேல இருக்கக் கூடாது. ஒரே ஒரு தண்டனைப் பதிவுதான் இருக்கணும். பெரிய குற்றங்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கு, அதுல வர்றது எதுவும் தானா அழியாது. இந்தக் கணக்குக்குள்ள வராதவங்க போலீஸ் ஆணையருக்கு மேல்முறையீடு செய்யலாம். அது தானா நடக்காது, கேட்டு வாங்கணும்.

இப்போ சிக்கல் எங்கே இருக்குன்னு பாருங்க. பதிவு அழியணும்னா 5 வருஷம் ஒழுங்கா இருக்கணும். ஒழுங்கா இருக்கணும்னா கையில வேலை இருக்கணும், வாடகை கட்டணும், பழைய கூட்டாளி கூப்பிட்டா, "நாளைக்குக் காலையில ஷிஃப்ட் இருக்குடா"ன்னு சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கணும். ஆனா அந்த வேலைக்குப் போனா படிவத்துல முதல் பக்கத்துலயே கேள்வி நிக்குது. அந்த 5 வருஷத்துக்குள்ள அவன் "இல்லை"ன்னு எழுத முடியாது. எழுதினா பொய், கண்டுபிடிச்சா வேலை போயிடும், பேரும் போயிடும். "ஆமா"ன்னு எழுதினா கூப்பிடவே மாட்டாங்க. அதாவது அவனுக்கு வேலை ரொம்ப முக்கியமா இருக்கிற அதே 5 வருஷத்துலதான் வேலை கிடைக்காது. வேலை கிடைச்சு, நின்னு, குடும்பம்னு ஆனதுக்கு அப்புறம்தான் சட்டம் வந்து, "போ, நீ சுத்தம்"னு சொல்லுது.

சிறையிலிருந்து வெளியே வந்து 2 வருஷத்துக்குள்ள திரும்ப உள்ளே போறவங்க 1990களில் 40 விழுக்காட்டுக்கு மேல இருந்தாங்க. இப்போ சுமார் 20 விழுக்காடு, அஞ்சுல ஒருத்தர். மஞ்சள் ரிப்பன் திட்டம் 2004-ல ஆரம்பிச்சது, உள்ளேயே தொழில் கத்துக் கொடுக்கிறது, வேலை தேடிக் கொடுக்கிறது எல்லாம் சேர்ந்து செஞ்ச மாற்றம் இது. நம்ம இந்து அறக்கட்டளை வாரியமே ஆசிரமம்னு ஒரு ஹாஃப்வே ஹவுஸ் நடத்துது. அதனால யாரும் ஒன்னும் செய்யலைன்னு நான் சொல்ல வரலை. ஆனா 2 வருஷக் கணக்கை விட்டு 5 வருஷக் கணக்குப் பார்த்தா, திரும்பப் போறவங்க எண்ணிக்கை கூடுது. அந்த 5 வருஷம்தான் வழுக்குற பாறை. அந்த நேரத்துல கை கொடுக்கிறது சட்டத்தோட வேலை மட்டும் இல்லை. படிவம் வச்சிருக்கிறவனோட வேலை. அதாவது முதலாளி, சூப்பர்வைசர், ஃபார்வர்டு பண்ற கை.

நான் தொழிற்சாலையில இருக்கிறவன், அதனால தொழிற்சாலைக் கணக்குலயே சொல்றேன். ஒரு மெஷின் பழுதானா சிவப்பு டேக் மாட்டுவோம், யாரும் தொடக் கூடாது. டெக்னீஷியன் வந்து பழுது பார்த்து, ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டதும் டேக்கை எடுத்திடுவோம். பழுது பார்த்தாச்சு, ஆனா டேக்கை எடுக்க யாருக்கும் தைரியம் இல்லைன்னு வைங்க. அந்த மெஷின் துரு பிடிச்சுப் போகும். அப்புறம், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன், இது உருப்படாது"ன்னு சொல்வோம். நாம மனுஷங்களுக்குச் செய்றது இதுதான்.

நான் மட்டும் யோக்கியம்னு நினைச்சு இதை எழுதலை. என் கதையையும் சொல்லிடுறேன். பல வருஷத்துக்கு முன்னால எங்க லைனுக்கு ஆள் எடுக்கும்போது படிவங்களைப் பார்த்து முதல்ல பிரிச்சுக் கொடுக்கிற வேலை என்கிட்ட இருந்துச்சு. ஒரு தமிழ் ஆள், நாப்பது வயசு இருக்கும், மெஷின் அனுபவம் நிறைய. "குற்றப் பதிவு உண்டா?" கட்டத்துல "ஆமா"ன்னு டிக் பண்ணியிருந்தார். என்ன குற்றம், எப்போ நடந்ததுன்னு நான் கேக்கவே இல்லை. அந்தப் படிவத்தை எடுத்து அடியில வச்சேன். மேலதிகாரி யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லலை. நானேதான் செஞ்சேன். அடுத்த தைப்பூசத்துல சிராங்கூன் சாலை பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு போற வழியில அவரைப் பார்த்தேன். பால்குடம் தூக்கிக்கிட்டு வந்தார். நான் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். என்னை அடையாளம் கண்டு, "நல்லா இருக்கீங்களா அண்ணே"ன்னு சிரிச்சுக் கேட்டார். அவருக்கு நான் தண்ணி கொடுத்தேன். சோறு கிடைக்கிற வழியை நான்தான் அடைச்சேன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முருகனுக்கும் தெரியும்.

அதுக்கப்புறம் நான் மாறினேன். இந்த மாதிரி ஆட்கள் மூணு பேரை என் பொறுப்புல எடுத்துக்கச் சொல்லிக் கம்பெனியில பேசினேன். மூணு பேரும் தங்கக் கம்பின்னு பொய் சொல்ல மாட்டேன். ஒருத்தன் ரெண்டாவது மாசம் சொல்லாம கொள்ளாம நின்னுட்டான். அப்படி நின்ன சுத்தமான பதிவுக்காரங்க எத்தனை பேர்னு எண்ணினா எனக்கு விரல் பத்தாது. இன்னொருத்தன் சாதாரணமா வேலை செஞ்சிட்டு, நல்ல சம்பளம் கிடைச்சு வேற இடம் போனான். மூணாவது ஆள் இன்னைக்கு எங்க ராத்திரி ஷிஃப்ட் லைன் லீடர். ராத்திரி மூணு மணிக்கு மெஷின் நின்னா எனக்கு ஃபோன் வராது, அவனே பார்த்துக்குவான். மத்தவங்களை எடுத்தாலும் இதே கணக்குதான் வரும். ஒருத்தன் போவான், ஒருத்தன் இருப்பான், ஒருத்தன் மேல வருவான்.

சரி, எதிர்த்துக் கேக்கிறவங்களுக்கு வர்றேன். கேள்விகள் நியாயமானதுதான், ஒதுக்கித் தள்ள முடியாது.

"கோயில்ல நகை இருக்கு, உண்டியல் இருக்கு, குழந்தைங்க வர்றாங்க. கவனமா இருக்க வேண்டாமா?" கண்டிப்பா இருக்கணும். உண்டியலை யாரும் தனியா எண்ணக் கூடாது, அது சாமியாரா இருந்தாலும் சரி. குழந்தைகளுக்குத் தீங்கு செஞ்சவனைக் குழந்தைகள் பக்கம் விடக் கூடாது, அதுல நான் ஒரு அடி கூட இறங்கி வர மாட்டேன். சட்டமும் எல்லாத்தையும் அழிக்கிறதில்லை. ஆனா அண்டா தேய்க்கிறதுக்கும் ஸ்டோர்ல அரிசி மூட்டை அடுக்கிறதுக்கும் அதே அளவுகோல் எதுக்கு? கவனம்னா இந்த வேலைக்கு இந்த ஆள் சரியான்னு பார்க்கிறது. எந்த வேலைக்கும் வேண்டாம்னு சொல்றதுக்குப் பேரு கவனம் இல்லை, ஒதுக்கல்.

"பாதிக்கப்பட்டவங்களை யார் நினைக்கிறா?" இதுவும் சரியான கேள்வி. எங்கம்மாகிட்ட ஒருத்தன் சங்கிலி பறிச்சிருக்கான். அம்மா பல மாசம் தனியா லிஃப்டுல ஏற மாட்டாங்க. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு. ஆனா அந்தக் கோபத்துக்கு என்ன விலைன்னு நீதிமன்றம் நிர்ணயம் பண்ணி, அவன் கட்டி முடிச்சான். அவன் வேலை இல்லாம சுத்தினா அடுத்து யாரோட அம்மா? பாதிக்கப்பட்டவங்களை நினைக்கிறவங்க, இனிமே யாரும் பாதிக்கப்படாம இருக்கிறதையும் நினைக்கணும்.

"கர்ம வினை, அனுபவிச்சுத்தான் ஆகணும்." இதைத்தான் என்னால தாங்கிக்க முடியலை. அன்னதானக் கூடத்துலயே ஒரு பெரியவர் சொன்னார். ஐயா, வினைக்குப் பலன் கொடுக்கிறவன் இறைவன். அந்த வேலையை அவன் நம்மகிட்ட ஒப்படைக்கலை. நாம வேலை கொடுக்க மறுக்கிறதும் ஒரு வினைதான். அதோட கணக்கு நம்ம பேர்ல ஏறும்.

நாம யாரைக் கும்பிடுறோம்னும் கொஞ்சம் யோசிங்க. பெருமாள் கோயில்ல ஆழ்வார் சந்நிதியில கைகூப்பி நிக்கிறோம். திருமங்கை ஆழ்வார் வரலாறு என்ன சொல்லுது? அடியார்களுக்குச் சோறு போட வழிப்பறி செஞ்சவர். பெருமாளே மணக்கோலத்துல வந்து, அவர்கிட்ட வழிமறிபட்டுத்தான் மந்திரத்தைக் கொடுத்தார்னு சொல்றோம். அருணகிரிநாதரோட இளமைக்காலம் எப்படி இருந்துச்சுன்னு உபன்யாசத்துல கதை கதையா கேக்கிறோம். உயிரை விடக் கோபுரத்துல ஏறிக் குதிச்சவரை முருகன் கையில தாங்கினான்னு சொல்லும்போது கண்ணு கலங்குது. திருப்புகழ் பாடாத கிருத்திகை உண்டா? சாமி தாங்கிப் பிடிச்சான். நாமன்னா கீழே நின்னு ஃபோட்டோ எடுத்து குரூப்புல போட்டிருப்போம்.

அந்த ஃபார்வர்டு விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்லணும். போலீஸ் பதிவேட்டைச் சாதாரண முதலாளி யாரும் திறந்து பார்க்க முடியாது. சட்டம் அழிச்சா அங்கே அது செல்லாது. ஆனா பழைய செய்தி இணையத்துல கிடக்கும், ஸ்கிரீன்ஷாட் ஃபோன்ல கிடக்கும். அதுக்கு 5 வருஷக் கெடு கிடையாது, 50 வருஷம் ஆனாலும் அழியாது. அரசாங்கம் வச்சிருக்கிற பதிவேட்டை விடக் கொடுமையான பதிவேட்டை நாம பையில வச்சுக்கிட்டுச் சுத்துறோம். தம்பிக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, நாள் எண்ணிக்கிட்டு இருக்கான். ரெண்டு வருஷம் கழிச்சுச் சட்டம் அவனை விட்டுடும். நாம விடுவோமா?

சட்டத்துலயும் மாற்றம் வேணும்னு நான் நினைக்கிறேன். 3 மாசம், 2,000 வெள்ளிங்கிற கோடு ரொம்பக் கீழே இருக்கு. இருபத்து நாலு வயசுல ஒரே ஒரு தப்பு செஞ்சு நாலு மாசம் உள்ளே போனவனுக்கு இப்போ அம்பது வயசு. இருபத்தஞ்சு வருஷம் ஒரு குறை இல்லை. ஆனாலும் அது தானா அழியாது, மேல்முறையீடுன்னு எழுதிக் கேக்கணும். நம்ம ஆளுங்கள்ல எத்தனை பேருக்கு அதை எழுதத் தெரியும்? இங்கிலாந்துல 1974-லயே இதுக்குச் சட்டம் வந்துடுச்சு. அங்கே தண்டனை கூடக் கூட, காத்திருக்கிற காலமும் படி படியா கூடும். இங்கேயும் அப்படிப் படி வைக்கலாம். இன்னொன்னு. 2025 ஜனவரியில நாடாளுமன்றத்துல வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறுச்சு. வயசு, இனம், சமயம், மொழி, உடற்குறை, மனநலம், கர்ப்பம்னு பல காரணத்துக்காக ஆளை ஒதுக்கக் கூடாதுன்னு பட்டியல் போட்டிருக்கு. நல்ல சட்டம். ஆனா அந்தப் பட்டியல்ல பழைய குற்றப் பதிவு இல்லை. தண்டனையை முடிச்சவனை, வேலைக்குச் சம்பந்தமே இல்லாத பழைய பதிவைக் காரணம் காட்டி ஒதுக்கினா, இந்தச் சட்டத்தை வச்சு அவன் கேக்க முடியாது. இதை உங்க தொகுதி எம்பிகிட்ட மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில சொல்லுங்க. நான் சொல்லப் போறேன்.

ஆனா சட்டம் மாற நாளாகும். நாம மாற நாளாக வேண்டியதில்லை. நம்ம கோயில் அளவுல மூணு காரியம் செய்யலாம்.

முதல் காரியம் கடை, கம்பெனி வச்சிருக்கிற அன்பர்களுக்கு. அந்தக் கேள்வியை முதல் பக்கத்துலேருந்து எடுத்துடுங்க. ஆளை நேர்ல பார்த்துப் பேசின பிறகு கேளுங்க. என்ன நடந்தது, எத்தனை வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் என்ன செஞ்சே, இந்த வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா. நாலு கேள்வி, பத்து நிமிஷம். அப்புறமும் வேண்டாம்னு தோணினா வேண்டாம்னு சொல்லுங்க, அது உங்க உரிமை. முகம் பார்க்காம சொல்லாதீங்க.

ரெண்டாவது தொண்டூழியர்களுக்கு. அந்த மாதிரி படம் வந்தா உங்க ஃபோனோட நிறுத்துங்க. உண்மையிலேயே பயம் இருந்தா நிர்வாகத்துல ஒருத்தர்கிட்ட நேர்ல சொல்லுங்க.

மூணாவது நிர்வாகக் குழுவுக்கு, பணிவோட. நம்மகிட்ட வருகை நோட்டு இருக்கு. அந்தத் தம்பி மூணு வருஷமா எந்த வெள்ளிக்கிழமை வந்தான், எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டான், எத்தனை மணிக்குப் போனான்னு அதுல இருக்கு. நான் எடுத்துப் பார்த்தேன். வராத வெள்ளிக்கிழமை ரொம்பக் கொஞ்சம். அதுவும் ஒரு பதிவுதானே? ஆறு வாரத்துப் பதிவை எல்லாருக்கும் காட்டினோம். மூணு வருஷத்துப் பதிவை யாருக்காவது காட்டினோமா? கோயில் லெட்டர்ஹெட்ல, "இவர் இத்தனை வருஷம் இங்கே சேவை செய்றார், சொன்ன நேரத்துக்கு வர்றார், நாங்க இவரை நம்புறோம்"னு ஒரு கடிதம் கொடுங்க. அவனை மாதிரி ஒழுங்கா வர்ற எல்லாருக்கும் கொடுங்க. இதுக்குச் செலவு ஒரு தாளும் ஒரு கையெழுத்தும்தான்.

கடைக்கார அன்பர் இதைப் படிப்பார்னு தெரியும். ஐயா, கோபப்படாதீங்க. நீங்க முதல்ல எடுத்த முடிவு நல்ல முடிவு. நாளைக்கு ஏதாவது காணாம போய் யாராவது உங்களைக் கேட்டா, "நான் சொல்லித்தான் எடுத்தார்"னு என் பேரைச் சொல்லுங்க. அவனுக்கு நான் பொறுப்பு. இதை எல்லாரும் பார்க்கிற இடத்துலயே எழுதுறேன். அவனைப் பத்தின படத்தையும் எல்லாரும் பார்க்கிற இடத்துலதானே போட்டாங்க.

இந்த வெள்ளிக்கிழமை தம்பி வருவானான்னு எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. ஃபோன் பண்ணினேன். "வர்றேன் அண்ணே, அண்டா யாரு தேய்ப்பா?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரலை. வெள்ளிக்கிழமை நானும் அவன் பக்கத்துல உட்கார்ந்து தேய்க்கப் போறேன். யாருக்காவது என்மேல கோபம் இருந்தா அங்கேயே வந்து சொல்லுங்க. கையில ஒரு ஸ்கிரப்பரோட வாங்க.

தப்பா எழுதியிருந்தா மன்னிக்கவும். எல்லாம் அவன் செயல். முருகா சரணம்.